கொல்லை வீட்டில் முதல் செலவு கூரைக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வயதான பெற்றோருக்கோ, புதிதாக மணமான பிள்ளைக்கோ கொல்லையில் சிறு வீடு எடுப்பவர்கள் பெரும்பாலும் நாலரை அங்குலச் சுவர் எழுப்பி, மேலே தகரம் போட்டு, மிச்சப் பணத்தைத் தரை டைல்ஸில் கொட்டுகிறார்கள். சித்திரையில் அந்த அறையில் பகலில் படுக்க முடியாது. பணம் போகவேண்டிய இடம் கூரையும் மேற்குச் சுவரும்தான்.

உள்ளளவு 12-க்கு 20 அடி என்று வைத்துக்கொள்வோம். நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். ஜன்னல்களை அவற்றில் எதிரெதிரே வையுங்கள். குளியலறையை மேற்கே தள்ளினால் மாலை வெயிலை அது வாங்கிக்கொள்ளும்.

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு போதும். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை இது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்துவதால் 9 அங்குலச் சுவரின் நடுவே சுமார் 3 அங்குல வெற்றிடம் கிடைக்கும். செங்கல் கால் பங்கு மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் அடி வரிசை, ஜன்னல் அடி, லிண்டல் (கதவு, ஜன்னல் மேல் விட்டம்) மட்டம், கூரைத் தளத்துக்குக் கீழ் வரிசை ஆகியவற்றை வெற்றிடம் இல்லாத முழுக்கட்டாகவே கட்ட வேண்டும். மூலைகளிலும் கதவு, ஜன்னல் ஓரங்களிலும் வெற்றிடத்தில் கம்பி நிறுத்திக் கான்கிரீட் நிரப்ப வேண்டும். கலவை பரப்பும்போது வெற்றிடத்தின் மேல் ஒரு ரீப்பர் கட்டையை வைத்துப் பிறகு எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கலவை உள்ளே விழுந்து அடைத்துக்கொள்ளும். இந்த முறையின் பயனே போய்விடும். ஒயரிங் பைப்பையும் கட்டும்போதே வெற்றிடத்தில் இறக்கிவிடுங்கள். பின்னால் காடி வெட்டினால் குத்துக்கல் உடையும். கோணலான நாட்டுச் செங்கல் இதற்கு ஆகாது. அளவு ஒத்த சேம்பர் செங்கல்லே வேண்டும்.

கூரைத் தளத்தில், கம்பிக் கட்டங்களுக்கு நடுவே மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துக் கான்கிரீட் போடலாம். தளத்தின் அடிப்பகுதிக் கான்கிரீட் பெரிதாகச் சுமை தாங்குவதில்லை. அந்த இடத்தை ஓடு பிடித்துக்கொள்கிறது. ஓட்டை நன்றாக ஊறவைக்காவிட்டால் கான்கிரீட்டின் நீரை அது உறிஞ்சிவிடும். ஓடு நகர்ந்து கம்பியை ஒட்டினாலோ, கம்பிக்கு அடியில் அதை மூடும் கான்கிரீட் (கவர்) முக்கால் அங்குலம் இல்லாவிட்டாலோ, சில ஆண்டுகளில் கம்பி துருவேறிக் காரை பெயரும். சுவர் ஓரங்களில் ஓடு வேண்டாம். கம்பி அளவைப் பொறியாளர்தான் கணக்கிட வேண்டும். கொத்தனாரின் கைக்கணக்கு இங்கே ஆபத்து. தளம் இறுகியதும் பாத்தி கட்டி 14 நாள் நீர் நிறுத்துங்கள். மேலே வெள்ளை நிறத் தட்டை ஓடு பதித்து, நீர் வடிய 12 அடிக்கு ஒன்றரை அங்குல வாட்டம் கொடுங்கள்.

கூரை 14-க்கு 22 அடி என்றால், ஒரு செ.மீ. மழைக்கு ஏறத்தாழ 285 லிட்டர் நீர் விழும். முதல் மழையை வெளியே விட்டு, மற்றதை வடிகட்டித் தொட்டிக்கோ கிணற்றுக்கோ விடலாம். குளியல் நீரை வாழைப் பாத்திக்குத் திருப்புங்கள். எங்கள் பகுதிக் களிமண்ணில் உறிஞ்சுகுழி ஒரே மழைக்காலத்தில் நிரம்பி நின்றுவிடும். நீளமான ஆழமில்லாப் பாத்தியே தாங்கும். சமையலறை நீரில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால், முதலில் ஒரு சிறு தடுப்புத் தொட்டி அவசியம்.

கொல்லைதானே என்று அனுமதி வாங்காமல் கட்டாதீர்கள். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, மனையில் உள்ள பழைய வீட்டின் பரப்போடு இதையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். பக்க இடைவெளியும் விட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் அரிது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் கொத்தனார்களுக்கு எலிப்பொறிக் கட்டிலும் ஓடு நிரப்பிய தளத்திலும் பயிற்சி அளிக்க வேண்டும். பயிற்சி நாள்களுக்குக் கூலியும் தர வேண்டும். வேலையை விட்டுவிட்டு வெறுங்கையோடு அவர்களால் வர முடியாது.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
கும்பகோணம்.