பாடகர் முகமே இல்லாத அட்டையில் அவர் முகத்தை அச்சடித்து விற்கிறீர்கள்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், திருச்சி (பெயரும் முகவரியும் ஆர்டர் விவரத்தில் உள்ளன)

பெறுநர்: குறைதீர் அலுவலர், இணைய விற்பனைப் பிரிவு, சென்னை

பொருள்: பிரிட்டிஷ் பாப் பாடகர் ஜார்ஜ் மைக்கேலின் 1990 ஆல்பம் என்று சொல்லி அனுப்பிய வேறொரு ரெக்கார்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தருவது குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஜார்ஜ் மைக்கேல் 1990 செப்டம்பரில் வெளியிட்ட ‘லிசன் வித்தவுட் பிரெஜுடிஸ் வால்யூம் 1’ எல்பி ரெக்கார்டை உங்கள் தளத்தில் வாங்கினேன். ‘அசல் அட்டை, அசல் 10 பாடல்கள்’ என்று போட்டிருந்தீர்கள். காட்டியிருந்த படமும் அசல் அட்டைதான். பார்சலில் வந்தது வேறு. அட்டை முழுக்கத் தோல் ஜாக்கெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட அவருடைய முகம். பின்பக்கம் பார்த்தால் பாடல் வரிசையே மாறியிருக்கிறது. ‘ஃப்ரீடம்! ’90’ முதலில் வந்துவிட்டது. ‘மதர்ஸ் பிரைட்’ பாடலும், கடைசியில் வரும் ‘வெயிட்டிங் (ரிப்ரைஸ்)’ பாடலும் இல்லவே இல்லை. அந்த இடத்தில், அவர் முன்பு பாடிய ‘வாம்!’ என்ற இருவர் இசைக்குழுவின் காலத்து டான்ஸ் பாட்டு இரண்டு. ரெக்கார்ட் நிறுவனத்தின் பெயரோ கேட்டலாக் எண்ணோ அட்டையில் எங்குமே கிடையாது. உரிமம் இல்லாமல் அடித்த பிரதி என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் சேவை மையத்தில் பேசியவர் மரியாதையாகவே பேசினார். ஆனால், “பாட்டு முக்கால்வாசி அதேதானே சார், அட்டையில அவர் முகம் தெரியுது, பார்க்க இன்னும் நல்லாத்தானே இருக்கு?” என்றார். அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகவும் சொன்னார். கூப்பன் எனக்கு வேண்டாம். அந்த முகம் ஏன் அங்கே இருக்கக் கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்த ஆல்பத்தை விற்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

‘வாம்!’ இரட்டையர் 1986 ஜூனில் லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் ரசிகர்களிடம் விடைபெற்றார்கள். அடுத்த ஆண்டு ஜார்ஜ் மைக்கேல் தனியாக ‘ஃபெயித்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார். தோல் ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி, சவரம் செய்யாத தாடை, கிழிந்த ஜீன்ஸ் என்று உலகம் முழுக்கப் போஸ்டரில் தொங்கிய அந்த உருவம் அப்போது பிறந்ததுதான். ஆல்பம் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1989-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது. அவருக்கு அப்போது வயது 25. அதே உருவத்தை வைத்து இன்னும் பத்து வருடம் ஓட்டியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் அதை வேண்டாமென்றார். அடுத்த ஆல்பத்தின் அட்டையில் தன் படம் வரக் கூடாது என்று முடிவெடுத்தார். வீஜி என்ற புகைப்படக்காரர் 1940-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் எடுத்த பெருங்கூட்டத்தின் படத்திலிருந்து ஒரு பகுதியை வெட்டி அட்டையாக்கினார்கள். அட்டை முழுக்க முன்பின் தெரியாத ஜனங்கள். பாடியவரை அதில் எவ்வளவு தேடினாலும் கிடைக்க மாட்டார். ‘பிரேயிங் ஃபார் டைம்’ பாட்டுக்கு எடுத்த வீடியோவில் பாடல் வரிகள் மட்டும்தான் திரையில் ஓடும். ‘ஃப்ரீடம்! ’90’ வீடியோவை டேவிட் ஃபின்சர் இயக்கினார். அதில் நவோமி கேம்பெல், லிண்டா இவாஞ்சலிஸ்டா, சிண்டி கிராஃபோர்ட் போன்ற மாடல்கள்தான் பாட்டுக்கு வாயசைப்பார்கள். பாடகர் தலைகாட்டவே மாட்டார். அந்த வீடியோவிலேயே ‘ஃபெயித்’ காலத்துத் தோல் ஜாக்கெட் தீப்பிடித்து எரிகிறது. கிட்டாரும் ஜூக்பாக்ஸும் வெடித்துச் சிதறுகின்றன.

அவரே தீயில் போட்ட ஜாக்கெட்டை மறுபடி அவருக்கு மாட்டிவிட்டு அட்டையில் அச்சடித்திருக்கிறீர்கள். என் முதல் புகார் இதுதான். அதை அலங்காரம் என்று உங்கள் ஊழியர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் பாடல் வரிசை. அசல் ஆல்பம் ‘பிரேயிங் ஃபார் டைம்’ பாட்டில்தான் தொடங்கும். மெதுவான பாட்டு. இருப்பவர்களும் இல்லாதவர்களும் பிரிந்து கிடக்கும் உலகத்தைப் பற்றியும், உதவ மனமில்லாத நம்மைப் பற்றியும் பேசும். ஆட வைத்துப் பெயர் வாங்கிய ஒருவர் தன் புது ஆல்பத்தின் கதவை இப்படித் திறக்கிறார் என்றால், கேட்பவர்களை உட்காரச் சொல்கிறார் என்றுதான் அர்த்தம். உங்கள் பிரதி அதைப் பின்னால் தள்ளிவிட்டு, தாளம் தூக்கலாக உள்ள பாட்டை முன்னால் வைத்திருக்கிறது. அதுவும் எந்தப் பாட்டு? கூட்டத்தின் கைத்தட்டலுக்காகப் போட்ட பழைய வேடத்தை இனிமேல் போட மாட்டேன் என்று அவர் பாடும் பாட்டு. அதே தட்டில் ‘வாம்!’ காலத்துக் கொண்டாட்டப் பாடல்களையும் சேர்த்திருக்கிறீர்கள். பாட்டைக் கேட்ட யாராவது இதைச் செய்திருப்பார்களா?

நீக்கப்பட்ட ‘மதர்ஸ் பிரைட்’ ஒரு தாயின் பாட்டு. கணவனைப் போரில் இழந்தவள், மகனும் அதே வழியில் போவதைப் பார்க்கிறாள். 1991 வளைகுடாப் போர் நாட்களில் அமெரிக்க வானொலிகளில் இது நிறைய ஒலிபரப்பானது. எனக்கு இந்த ஆல்பத்தில் மிகப் பிடித்த பாட்டு. இதற்காகவே ரெக்கார்ட் வாங்கினேன் என்றுகூடச் சொல்வேன். இரண்டாம் பக்கத்தைத் தொடங்கும் ‘வெயிட்டிங் ஃபார் தட் டே’ பாட்டுக்குத்தான் அந்த ரிப்ரைஸ் (அதே மெட்டு மறுபடி வருவது) பதில் சொல்வதுபோல் வந்து ஆல்பத்தை முடிக்கும். அது இல்லாமல் இரண்டாம் பக்கம் பாதியில் அறுந்து நிற்கிறது. 7 நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டிய ‘கவ்பாய்ஸ் அண்ட் ஏஞ்சல்ஸ்’ பாட்டையும் சாக்ஸபோன் வாசிக்கும்போதே ஒலியைக் குறைத்து முடித்துவிட்டார்கள். ஜாஸ் சாயலில் அந்த மனிதர் எவ்வளவு நிதானமாகப் பாடியிருக்கிறார் என்பது அந்த நீளத்தில்தான் தெரியும்.

பழைய உருவத்தை விட்டதற்கு ஜார்ஜ் மைக்கேல் கொடுத்த விலை சின்னதல்ல. புகழ் சுமையாக இருக்கிறது என்று அவர் ஒரு பேட்டியில் சொன்னதற்கு, கிடைத்த புகழை அனுபவி என்று அமெரிக்காவின் மூத்த பாடகர் பிராங்க் சினாட்ராவே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பிரிட்டனில் ஆல்பம் முதலிடம் பிடித்தது. ஆனால் அமெரிக்காவில் ‘ஃபெயித்’ விற்றதில் ஒரு சிறு பங்குதான் விற்றது. தன் நிறுவனமான சோனி இதைச் சரியாக விளம்பரப்படுத்தவில்லை என்று நினைத்தார், ஒப்பந்தத்திலிருந்து விடுபட வழக்குப் போட்டார், 1994-ல் தோற்றார். அடுத்த ஸ்டுடியோ ஆல்பம் வர 1996 ஆகிவிட்டது. ‘வால்யூம் 2’ வரவே இல்லை. வளர்ந்த மனிதனாகப் பாட விரும்பிய ஒருவர் இத்தனையும் தாங்கினார். 2016 கிறிஸ்துமஸ் அன்று இறந்துவிட்டார். இப்படி அட்டை போடாதே என்று சொல்ல இன்று அவர் இல்லை. அதனால் அவர் பாட்டை விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும்தான் அந்தப் பொறுப்பு.

அசல் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கும் வழியில்லை. 2017-ல் இந்த ஆல்பத்தின் முறையான மறுபதிப்பு வந்திருக்கிறது.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். இந்த ரெக்கார்டை உங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொண்டு, கூரியர் கட்டணம் உட்பட முழுத் தொகையையும் என் கணக்கில் போடுங்கள். அசல் படத்தைக் காட்டி இந்தப் பிரதியை விற்கும் பக்கத்தை உடனே நீக்குங்கள். இதே பிரதியை வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அவர்களில் முதல்முறையாக இந்த ஆல்பத்தைக் கேட்பவர்கள் இருக்கலாம், இதுதான் அது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு இதை யார் சப்ளை செய்தார்கள் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் இணைய வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன். அட்டை, பாடல் பட்டியல், உங்கள் விற்பனைப் பக்கம் மூன்றின் படங்களையும் ரசீதின் நகலையும் இணைத்துள்ளேன். ரெக்கார்ட் கீறல் படாமல் பத்திரமாக இருக்கிறது, எடுத்துச்செல்ல ஆள் அனுப்பும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்