பார்ட்டிஷன் பக்கத்தைப் பற்றி

அன்புள்ள மெய்யப்பா,

இங்கே எல்லாரும் நலம். ஆச்சிக்கு முழங்கால் வலி தேவலை. இப்போது எழுதுவது நம்ம அழகு விஷயமாக. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸைக் கம்ப்யூட்டரில் நிறுவ நீ செய்துகொண்டிருக்கிற இன்ஸ்டாலரில், வட்டைப் பிரிக்கிற பார்ட்டிஷன் பக்கத்துக்கும் இதில் பாடம் இருக்கிறது.

ஆத்தங்குடிக் கல் பட்டறைக் கம்ப்யூட்டரில் அவன் வைத்திருந்தது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு அதன் வழக்கமான ஆதரவு முடிந்துபோக, ஒரு பையனைக் கூப்பிட்டு லினக்ஸ் போடச் சொல்லியிருக்கிறான். 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவு' என்ற வரியில் ஏற்கனவே புள்ளி விழுந்திருந்தது. பையன் 'அடுத்து, அடுத்து' என்று தட்டிவிட்டான். டி டிரைவில் இருந்த டிசைன் அத்தனையும் போச்சு. இப்போது அழகு ஒவ்வொரு அச்சாகத் தாளில் வைத்து, பென்சிலால் ஓரம் பிடித்து மறுபடி வரைகிறான். பார்க்கவே பாவமாக இருக்கிறதடா.

உன் இன்ஸ்டாலரில் கேள்விகளைக் குறைக்கப் பாடுபடுகிறாய், சரிதான். கீபோர்டு, நேர மண்டலம் எல்லாம் நீயே ஊகித்துக்கொள். தப்பினால் பிறகு திருத்திக்கொள்ளலாம். வட்டை மட்டும் ஊகிக்காதே. டெபியன் என்கிற லினக்ஸில் பார், எழுதுவதற்கு முன் 'மாற்றங்களை வட்டில் எழுதவா?' என்று கேட்டு, 'வேண்டாம்' என்பதையே முன்தேர்வாக வைத்திருக்கிறார்கள். பழைய மோஸ்தர் என்று நீ சொல்வாய். எனக்கு அதுதான் மரியாதையான முறை. 'எஸ்டிஏ, எஸ்டிபி' என்று லினக்ஸ் வட்டுகளுக்கு வைக்கிற பெயரைக் காட்டினால் அழகுவுக்கு என்ன புரியும்? எந்தக் கம்பெனி டிஸ்க், எத்தனை ஜிபி, உள்ளே விண்டோஸ் இருக்கிறதா, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்.

உபுண்டு என்கிற இன்னொரு லினக்ஸின் பழைய இன்ஸ்டாலர் போல, பெயரும் ஊரும் கேட்கும்போதே பின்னால் கோப்புகளை நகலெடுத்தால் நேரம் மிச்சம்தான். ஆனால் அப்போது வட்டில் கைவைத்தாகிவிட்டது. பாதியில் மனம் மாறினால் திரும்ப வழியில்லை. எல்லாக் கேள்வியையும் முதலிலேயே முடித்து, ஒரே பக்கத்தில் காட்டி, சம்மதம் வாங்கிக்கொண்டு தொடங்கு. கொஞ்ச நேரம் கூடினால் கூடட்டும். அதன்பின் ஆளைத் தொந்தரவு செய்யாதே, அவன் காபி குடிக்கப் போகட்டும்.

பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளுக்காக கிராஃபிக்ஸ் திரையை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். வெறும் எழுத்துத் திரையில் தமிழ் ஒழுங்காக வராது. டெபியனிலும் தமிழ் வேண்டுமென்றால் கிராஃபிக்ஸ் இன்ஸ்டாலர்தான். அதற்கு நினைவகம் கூடுதலாக வேண்டும், தெரியும். ஆனால் பழைய பெட்டி முன் உட்காருகிற ஆளுக்குத்தான் அந்த எச்சரிக்கை தமிழில் தேவைப்படுகிறது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

பிள்ளையார் நோன்புக்கு வருவாய் அல்லவா? சோதனைப் பதிப்பைப் பென்டிரைவில் கொண்டு வா. அழகுவை உட்காரவைத்து, நாம் வாயே திறக்காமல் பார்ப்போம்.

அன்புடன்,
சொக்கு
காரைக்குடி