மீட்டருக்காக மின் நிறுவனத்தை மாற்றுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரித்தானியாவில் வாழும் நம்மவர்களிடையே ஒரு எண்ணம் இருக்கிறது. இப்போதைய மின் நிறுவனம் ஸ்மார்ட் மீட்டர் (பாவனையைத் தானாகவே நிறுவனத்துக்கு அனுப்பும் மீட்டர்) வைக்காமல் இழுத்தடித்தால் வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாம், மீட்டர் தானாக வந்துவிடும் என்பது அது. சில வீடுகளில் இது பலிக்கும். வேறு சில வீடுகளில் நிறுவனம் மாறும், கட்டணமும் கூடும், பழைய மீட்டர் மட்டும் சுவரில் அப்படியே இருக்கும். உங்கள் வீடு இதில் எந்த வகை என்பதை மாறுவதற்கு முன்பே கண்டுகொள்ளலாம். அதற்காகவே இந்தக் கடிதம். இது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்துக்குப் பொருந்தும். வட அயர்லாந்தின் ஏற்பாடு வேறு.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: தடை யாருடையது?

உங்கள் வீட்டு மின் இணைப்பு ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் இல்லை. தெருவிலிருந்து வரும் கேபிளும், அது முடியும் இடத்தில் உள்ள மெயின் ஃபியூஸ் பெட்டியும் அந்தப் பகுதியின் விநியோக வலையமைப்பு நிறுவனத்துக்குச் சொந்தம். லண்டனிலும் தென்கிழக்கிலும் அது யூகே பவர் நெட்வொர்க்ஸ். மீட்டருக்குப் பொறுப்பு நீங்கள் பில் கட்டும் நிறுவனம். மீட்டரின் தகவலைக் கொண்டுசெல்லும் தொடர்பு வலையை டி.சி.சி. என்ற தனி அமைப்பு நடத்துகிறது. மீட்டருக்குப் பிறகு வரும் வயரிங் உங்களுடையது, அல்லது வீட்டுக்காரருடையது. நிறுவனத்தை மாற்றினால் மாறுவது இந்த நான்கில் ஒன்று மட்டும்தான்.

பொருத்துநர் வந்து பார்த்துவிட்டு வேலை செய்யாமல் திரும்பியிருந்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஃபியூஸ் பெட்டி மிகப் பழையது, அதிலிருந்து கருப்புத் தார் போன்ற பொருள் கசிகிறது, கேபிள் தலை சூடேறிக் கருகியிருக்கிறது என்றால் அதைச் சரிசெய்ய வேண்டியது வலையமைப்பு நிறுவனம். நீங்கள் எந்த மின் நிறுவனத்துக்குப் போனாலும் அடுத்து வரும் பொருத்துநரும் அதே பெட்டியைத்தான் பார்ப்பார். இந்தக் கோளாறு இருந்தால் 105 என்ற எண்ணை அழைத்து உங்கள் பகுதி வலையமைப்பு நிறுவனத்திடம் சொல்லலாம். மீட்டர் பலகை ஆஸ்பெஸ்டஸ் என்று சந்தேகித்தாலும் வேலை நிற்கும். மீட்டரிலிருந்து உங்கள் ஃபியூஸ் போர்டுக்குப் போகும் வயர் பழைய ரப்பர் உறை போட்டதாக இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றுவது உங்கள் செலவு, அல்லது வீட்டுக்காரர் செலவு. பலகைகளால் மூடிய மீட்டரைச் சுற்றிக் கை நுழைய இடமில்லாததும் வேலை நிற்க ஒரு காரணம். அதை ஒரு தச்சர் தீர்த்துவிடுவார்.

அடுத்தது அலைத்தொடர்பு. மின் மீட்டரின் மேல் பொருத்தும் சிறிய பெட்டிதான் கம்யூனிகேஷன்ஸ் ஹப். தென் இங்கிலாந்து, மத்திய இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் அது கைபேசி வலை வழியாகப் பேசும். வட இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் நீண்டதூர வானொலி அலை வழியாகப் பேசும். உங்கள் முகவரிக்கு இந்தத் தொடர்பு எட்டாவிட்டால் எல்லா நிறுவனங்களுக்கும் எட்டாது. ஏனெனில் எல்லோரும் பயன்படுத்துவது அதே டி.சி.சி. வலையைத்தான். நிலவறையில் வரிசையாக மீட்டர்கள் உள்ள அடுக்குமாடிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மீட்டருக்கும், பாவனையைக் காட்ட வீட்டினுள் வைக்கும் சிறு திரைக்கும் இடையே செல்லும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை பல தளங்களைத் தாண்டாது. தடித்த சுவர்களுக்கென 868 மெகாஹெர்ட்ஸிலும் இயங்கும் இரட்டை அலைவரிசை ஹப் இருக்கிறது. அது கிடைக்குமா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 2033-க்குள் இந்நாட்டில் பழைய 2ஜி, 3ஜி கைபேசி வலைகள் முழுமையாக நிறுத்தப்பட்டுவிடும். ஆகவே தெற்கிலும் மத்தியிலும் புதிதாக மீட்டர் வைப்பவர்கள் 4ஜி ஹப் கேட்பது நல்லது. இல்லாவிட்டால் பின்னர் அந்தப் பெட்டியை மட்டும் மாற்ற இன்னொரு நாள் ஒதுக்க வேண்டி வரும்.

இவை எதுவும் தடை இல்லை, நிறுவனத்திடம் பொருத்துநர் இல்லை அல்லது அந்த வகை மீட்டர் இல்லை என்றால் மட்டுமே மாறுவதில் பலன் உண்டு. மூன்று ஃபேஸ் இணைப்புக்கான ஸ்மார்ட் மீட்டரை எல்லா நிறுவனங்களும் வைப்பதில்லை. இரவில் மட்டும் மின்சாரம் வரும் தனிச் சுற்றில் ஸ்டோரேஜ் ஹீட்டர் (இரவில் சூட்டைச் சேர்த்துவைத்துப் பகலில் தருவது) ஓடும் வீடுகளுக்கான மீட்டரும் அப்படித்தான். மின்சாரம் ஒரு நிறுவனத்திடமும் எரிவாயு இன்னொன்றிடமும் இருந்தால், மின் மீட்டர் முதலில் ஸ்மார்ட் ஆகும்வரை எரிவாயு நிறுவனம் பெரும்பாலும் காத்திருக்கும். ஏனெனில் ஹப் உட்காருவது மின் மீட்டரின் மேல்தான். அங்கே இரண்டையும் ஒரே நிறுவனத்தில் சேர்ப்பது உண்மையிலேயே வழியைத் திறக்கும்.

பணத்துக்கு வருவோம். ஸ்மார்ட் மீட்டருக்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள். அந்தச் செலவு எல்லோருடைய பில்லிலும் ஏற்கெனவே இருக்கிறது. மீட்டர் மட்டும் வைத்தால் பில் குறையாது. நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்துக்குப் போனால்தான் வித்தியாசம் தெரியும், அதுவும் இரு திசையிலும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: ஒற்றைக் கட்டணம் யூனிட்டுக்கு 25 பென்ஸ். இரட்டைக் கட்டணத்தில் பகல் 31, இரவு 14. பகலில் யூனிட்டுக்கு 6 பென்ஸ் நட்டம், இரவில் 11 பென்ஸ் லாபம். 6-ஐ இரண்டின் கூட்டான 17-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 35 விழுக்காடு. மொத்தப் பாவனையில் அவ்வளவாவது இரவில் ஓடினால்தான் கையைக் கடிக்காது.

எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் நடுத்தர வீட்டுக்குக் கணக்கில் எடுத்துவந்த மின் அளவு ஆண்டுக்கு 2,700 யூனிட். அதில் 15 விழுக்காடு மட்டும் இரவில் என்றால் ஒற்றைக் கட்டணத்தில் 675 பவுண்டு வரும், இரட்டைக் கட்டணத்தில் சுமார் 768 பவுண்டு. அதே வீட்டில் மின்காரை இரவில் மட்டும் சார்ஜ் செய்து ஆண்டுக்கு 2,000 யூனிட் கூடினால், 1,175-க்குப் பதில் சுமார் 1,048 பவுண்டு. கார், ஸ்டோரேஜ் ஹீட்டர், பேட்டரி இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் நேரக் கட்டணத்தைப் பாருங்கள். துணி துவைப்பதை மட்டும் இரவுக்குத் தள்ளி 35 விழுக்காட்டை எட்ட முடியாது. மாலை 4 முதல் 7 வரை விலை ஏறும் திட்டங்கள், அந்த நேரத்தில் மின் அடுப்பில் சமைக்கும் வீட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. கணக்குப் போடும்போது ஸ்டாண்டிங் சார்ஜையும் (பாவனை எதுவானாலும் தினமும் விழும் கட்டணம்) சேருங்கள். யூனிட் விலையை மட்டும் பார்த்து ஏமாறுவதுதான் அதிகம்.

எக்கானமி 7 (இரவில் 7 மணிநேரம் விலை குறையும் பழைய திட்டம்) வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரவு, பகல் விலையை வானொலி சைகையால் மாற்றும் பழைய மீட்டர்களின் சேவைக்கு 2025 ஜூன் 30 என்று முடிவுநாள் வைத்து, படிப்படியாக நிறுத்தும் வேலை தொடங்கியது. அந்த மீட்டரை மாற்றும்போது ஹீட்டர் சுற்றைத் தவறாக இணைத்தால், ஹீட்டர் இரவு முழுவதும் குளிர்ந்தே கிடக்கும், அல்லது பகல் விலையில் நாள் முழுக்க ஓடும். பொருத்துநர் போகுமுன் எந்தச் சுற்று எந்த நேரத்தில் உயிர்பெறும் என்று எழுதி வாங்குங்கள். இரவு நேரம் பெரும்பாலும் கிரீன்விச் நேரப்படிதான் ஓடும். குளிர்காலத்தில் 12.30 முதல் 7.30 என்றால், கோடையில் உங்கள் கடிகாரத்தில் 1.30 முதல் 8.30. டைமரை மாற்றாமல் விட்டால் தினமும் ஒரு மணிநேரம் பகல் விலையில் ஓடும்.

மாறுவது என்று முடிவெடுத்தால் வரிசை முக்கியம். பில்லில் உங்கள் மின் இணைப்பின் அடையாளமான 13 இலக்க எம்பான் எண்ணும், எரிவாயு இணைப்புக்கு எம்.பி.ஆர்.என். எண்ணும் இருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு முதலில் புதிய நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் முகவரிக்கு அலைத்தொடர்பு இருக்கிறதா, என் மீட்டர் வகைக்கு உங்களிடம் ஸ்மார்ட் மீட்டர் உண்டா, எத்தனை வாரத்தில் பொருத்துவீர்கள்? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். விலை குறைவான திட்டம் ஸ்மார்ட் மீட்டர் இருந்தால்தான் தொடங்கும் என்றால், அதுவரை எந்த விலையில் பில் வரும் என்பதையும் கேளுங்கள். இந்தக் கேள்வியைத் தவறவிட்டவர்கள்தான் மாதக்கணக்கில் கூடிய விலை கட்டுகிறார்கள்.

நிலையான விலை ஒப்பந்தத்தில் இருந்தால் எக்ஸிட் ஃபீ (இடையில் விலகினால் விழும் கட்டணம்) பாருங்கள். ஒப்பந்தம் முடியும் கடைசி 49 நாட்களில் அதை வாங்கக் கூடாது. 28 நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால் பழைய நிறுவனம் மாற்றத்தைத் தடுக்கலாம். ப்ரீபேமென்ட் (முன்கூட்டியே பணம் போடும்) மீட்டர்காரர்களுக்கு ஒரு எரிபொருளுக்கு 500 பவுண்டு வரையான கடனோடு மாற வழி உண்டு. மாற்றம் பொதுவாக 5 வேலைநாளில் முடியும், மனம் மாறினால் விலக 14 நாள் அவகாசம் இருக்கிறது. கடைக்கு மேல் குடியிருப்பவர்கள் தங்கள் மீட்டர் தொழில் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த 14 நாள் பாதுகாப்பு வீட்டு வாடிக்கையாளருக்குத்தான். வாடகை வீட்டில் பில் உங்கள் பெயரில் இருந்தால் நிறுவனத்தைத் தேர்வது உங்கள் உரிமை, ஆனால் மீட்டர் மாற்றுமுன் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே ஸ்மார்ட் மீட்டர் இருக்கிறது, நிறுவனம் மாறினால் அது ஊமையாகிவிடுமா என்ற அச்சம் முதல் தலைமுறை ஸ்மெட்ஸ் 1 மீட்டர்களால் வந்தது. இரண்டாம் தலைமுறை ஸ்மெட்ஸ் 2 தொடக்கத்திலிருந்தே பொது வலையில் இருப்பதால் அதை எந்த நிறுவனமும் வாசிக்கலாம். ஸ்மெட்ஸ் 1 மீட்டர்களும் அந்த வலைக்குக் கொண்டுவரப்பட்டு வருகின்றன. உங்களுடையது ஸ்மார்ட் நிலையில் இருக்கிறதா என்பதை சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எந்த மீட்டராக இருந்தாலும் மாறும் நாளில் எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பழைய நிறுவனம் 6 வாரத்துக்குள் இறுதி பில் தர வேண்டும். அதன்பின் 10 வேலைநாளுக்குள் மீதிப் பணத்தைத் திருப்ப வேண்டும்.

பொருத்தும் நாளில் வயதுவந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு சுமார் ஒரு மணிநேரம் பிடிக்கும், இடையே மின்சாரம் சிறிதுநேரம் நிற்கும். மூச்சுக்கருவி போன்றவை ஓடும் வீடுகள் முன்கூட்டியே சொல்லி கூடுதல் உதவி தேவைப்படுவோருக்கான ப்ரையாரிட்டி சர்வீசஸ் பதிவேட்டிலும் சேர வேண்டும். ஆங்கிலம் தெரியாத பெற்றோர் தனியாக இருக்கும் நாளில் அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள். எரிவாயு மீட்டர் மாற்றும்போது பாய்லர், அடுப்பையும் பார்ப்பார்கள், ஆபத்தானது என்று கண்டால் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போவார்கள். ஆகவே டிசம்பரில் அல்ல, கோடையில் வைத்துக்கொள்வது உத்தமம். பழைய எரிவாயு மீட்டர் நூறு நூறு கன அடியாக அளப்பதாக இருந்தால், புதிய மீட்டர் கன மீட்டருக்கு மாறியதை நிறுவனம் பதிந்ததா என்று முதல் பில்லில் பாருங்கள். பதியாவிட்டால் பாவனை 2.83 மடங்காகக் காட்டும். ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 11 யூனிட். பில்லில் அது 30 யூனிட்டைத் தாண்டினால் தவறு அங்கேதான்.

வீட்டுத் திரையில் மின்சாரம் 10 விநாடிக்கு ஒருமுறையும் எரிவாயு அரை மணிக்கு ஒருமுறையும் புதுப்பிக்கப்படும். எரிவாயு மீட்டர் பேட்டரியில் ஓடுவதால் இப்படி. அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். ப்ரீபேமென்ட்டில் போட்ட பணம் மீட்டருக்குப் போய்ச் சேராவிட்டால், ரசீதில் உள்ள 20 இலக்க எண்ணை மீட்டரிலோ திரையிலோ கையால் அடிக்கலாம். இந்த எண்ணைப் பற்றித் தெரியாமல் இருட்டில் இருப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கடன் இருக்கும் வீட்டை மீட்டர் வழியாக ப்ரீபேமென்ட்டுக்கு மாற்ற நிறுவனத்தால் முடியும் என்பது உண்மைதான். ஆனால் சம்மதமில்லாமல் செய்வதற்கு முன் குறைந்தது 10 முறை தொடர்புகொள்ள வேண்டும், நேரில் வந்து நிலைமையைப் பார்க்க வேண்டும் என்பது ஆஃப்ஜெம் விதி. அந்தக் கடிதங்களுக்குப் பதில் சொல்லாமல் விடாதீர்கள்.

சூரியத் தகடு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மிச்ச மின்சாரத்தை விற்கும் ஸ்மார்ட் எக்ஸ்போர்ட் கேரண்டிக்கு அரைமணி அளவீடு வேண்டும். அதற்குத் தனி எக்ஸ்போர்ட் எம்பான் உண்டு. வாங்கும் மின்சாரத்துக்கு நிறுவனத்தை மாற்றினால் விற்கும் ஒப்பந்தம் தானாகக் கூடவே போகாது. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

முறையிட வேண்டி வந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கொடுங்கள். 8 வாரமாகியும் தீராவிட்டால், அல்லது இதற்குமேல் முடியாது என்று அவர்கள் கடிதம் தந்தால், முறைப்பாடுகளைத் தீர்த்துவைக்கும் எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். நிறுவனத்தின் தவறால் பில் வராமல் போயிருந்தால் 12 மாதத்துக்கு முந்தைய பாவனைக்கு உங்களிடம் பணம் கேட்க முடியாது. மீட்டர் வேலை செய்யாத காலத்துக்குத் திடீரென்று பெரிய பில் வந்தால், முதலில் அதில் உள்ள தேதிகளைப் பாருங்கள்.

இங்ஙனம்,
மின்னிணைப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
லண்டன்