உன் பையனும் டிரம்ஸும்

டேய் குமாரு,

போன வாரம் நீ போனில் கேட்டபோது பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் சரியாகப் பேச முடியவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது சீரியல் பார்க்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். சரி, உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டுடியோவில் டிரம்ஸ் வாசித்தே பிழைக்க முடியுமா என்று கேட்டாய். முடியும், ஆனால் அவன் நினைத்து வைத்திருப்பது வேறு.

அவனிடம் ஹால் பிளெய்ன் கதையைச் சொல். 60களிலும் 70களிலும் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் ஓயாமல் வாசித்தவர். அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 40 பாட்டுகளில் டிரம்ஸ் அவர்தான். 1966 முதல் 1971 வரை வரிசையாக ஆறு வருஷம், ஆண்டின் சிறந்த ரெக்கார்டு என்று கிராமி விருது வாங்கிய பாட்டுகளிலும் அவர்தான். பீச் பாய்ஸ் என்கிற பாட்டுக் குழுவின் ரெக்கார்டு அட்டைப்படத்தில் டிரம்மராக நிற்பது டென்னிஸ் வில்சன், ஆனால் பல பாட்டுக்கு ஸ்டுடியோவில் உட்கார்ந்து அடித்தது பிளெய்ன், அட்டையில் பெயர்கூட இருக்காது. இதற்கு உன் பையன் தயாரா என்று முதலில் கேள்.

இன்னொன்று, அந்த ஆள் ராணுவத்திலிருந்து வந்ததும் சிகாகோவில் முறையாகப் பள்ளியில் சேர்ந்து படித்தவர், ராத்திரியில் கிளப்புகளில் வாசித்துக்கொண்டே. நோட்டேஷனை, அதாவது எழுதிய இசைக் குறிப்பை, முன்னால் வைத்தால் பார்த்தவுடன் வாசிப்பார். நீயும் நானும் கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துக் காதாலேயே கற்றோம், அது திருப்பாதிரிப்புலியூர்க் கச்சேரிக்குப் போதும், மணிக்கணக்கில் காசு போகிற ஸ்டுடியோவுக்குப் போதாது.

ஆனால் படிப்பு மட்டும் இல்லைடா. 1963இல் ரோனெட்ஸ் என்கிற பெண்கள் குழு பாடிய ‘பி மை பேபி’ தொடக்கம் ஞாபகம் இருக்கிறதா, டும், டும்டும், டக்! இரண்டாவது அடியிலும் ஸ்நேர், அதாவது ‘டக்’ என்று கேட்கிற டிரம், விழ வேண்டியதாம், குச்சி தவறி நாலாவதில் மட்டும் விழுந்தது, அதையே விடாமல் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டேன் என்று பிளெய்னே சொல்லியிருக்கிறார். நம்மில் யாராக இருந்தாலும் முகம் வெளுத்து நிறுத்தியிருப்போம். சைமன், கார்ஃபங்கல் இருவரும் பாடிய ‘தி பாக்ஸர்’ பாட்டில் வருகிற அந்த வெடிச் சத்தத்துக்கு நியூயார்க் ஸ்டுடியோவில் லிஃப்ட் பக்கமாக உட்கார்ந்து அடித்திருக்கிறார். பாட்டுக்கு என்ன வேண்டுமோ அது, தன் கைவேகத்தைக் காட்ட இல்லை. உன் பையன் அனுப்பிய வீடியோவில் ரோல் அருமை, ஆனால் மூச்சு விட இடமே இல்லை.

அப்புறம் மோசமான பகுதி. 80களில் டிரம் மெஷின் வந்தது, வேலை குறைந்தது, விவாகரத்தில் பெரிய வீடும் போனது, கொஞ்ச காலம் அரிசோனாவில் செக்யூரிட்டி வேலை பார்த்திருக்கிறார். இதையும் மறைக்காமல் சொல். 2000இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், 2018இல் கிராமியில் வாழ்நாள் விருது, மறு வருஷம் 90 வயதில் போய்விட்டார். இங்கேயும் அதுதானே, கடலூரில் எந்தத் திருவிழாக் கச்சேரிக்குப் போனாலும் ஆக்டோபேட் என்கிற எலக்ட்ரானிக் டிரம் பலகை ஒன்று, ஒரு பையன், முடிந்தது. இளையராஜாவிடம் அத்தனை பாட்டு வாசித்த புருஷோத்தமன் பெயரே 2020இல் அவர் இறந்தபோதுதான் பாதிப் பேருக்குத் தெரிந்தது.

என் யோசனை, காலேஜை விடவேண்டாம், கூடவே நோட்டேஷனும், காதில் தாளம் தட்டுகிற கிளிக்கோடு வாசிக்கிற பழக்கமும் வரட்டும். ஞாயிற்றுக்கிழமை அவனை மஞ்சக்குப்பம் அனுப்பு, பழைய செட்டை இறக்கி வைக்கிறேன். வரும்போது பாண்டியில் 14 அங்குல ஸ்நேர் தோல் ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பு, காசை அவனிடமே தருகிறேன்.

ரவி