ஆறிய பிறகு சோதித்து என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

டீசல் கார் ஓடும்போதே அணைந்து, ஆறியதும் மறுபடி கிளம்பினால், டீசலை என்ஜினுக்கு அழுத்தித் தள்ளும் உயர் அழுத்த பம்பை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள் பட்டறைகளில். பெருஞ்செலவு அது! லாரிப் பட்டறையில் காலம் தள்ளிய நான் முதலில் என்ஜின் சுழல்வதை உணர்ந்து சிக்னல் அனுப்பும் கிராங்க் சென்சாரைத்தான் சந்தேகிப்பேன். சூட்டில் அதன் சிக்னல் அறுந்து, குளிர்ந்ததும் திரும்பிவிடும். அணைந்த கையோடு ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் அசையவே இல்லையா? அநேகமாக அதுதான். அசைந்தால், டீசல் ஃபில்டரில் தண்ணீரையும் டீசல் குழாயில் காற்றையும் தேட வேண்டும். பம்புக்கு முன்னால் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

வண்டி ஆறிய பிறகு ஸ்கேனரை மாட்டி, 'பிழை எதுவும் இல்லை' என்று அனுப்பிவைப்பதுதான் எரிச்சலூட்டுகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் என்ஜின் அணைந்தால் ஸ்டியரிங்கும் இறுகிப்போகுமே!

ஓய்வுபெற்ற மெக்கானிக்,
நாமக்கல்.