பீடியோடு விசாரணையை முடித்துவிடாதீர்கள்

இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியருக்கும், பொது சுகாதாரத் துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலர்களுக்கும் வணக்கம்.

இருமலோடு வரும் தொழிலாளியிடம் மருத்துவமனையில் முதலில் கேட்பது, "பீடி குடிப்பீர்களா?" ஆமாம் என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. சளியில் காசநோய் இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை, பீடியை விடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்பவர்கள் அரிது. அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்கக் கோரியே இம்மடல்.

சாயல்குடி, கடலாடிப் பக்கம் போகிறவர்கள் கரிமூட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, தழையும் வைக்கோலும் பரப்பி, மண் பூசி நெருப்பு வைக்கிறார்கள். அது பல நாட்கள் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். மண் பிளந்து காற்று புகுந்தால் கரியெல்லாம் சாம்பலாகிவிடும் என்பதால் இரவிலும் காவல் இருந்து, பிளவு கண்ட இடத்தை மண் போட்டு அடைக்க வேண்டும். காற்று போதாமல் எரியும் விறகின் புகையில் கார்பன் மோனாக்சைடும், நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகள்களும் நிறைந்திருக்கின்றன. மூட்டம் பிரித்த பிறகு கரியைச் சலித்து மூடை கட்டும்போது தூள் பறக்கிறது. முகத்தில் கட்டும் துண்டு அந்த நுண்துகள்களைத் தடுக்காது.

இரவுக் காவலில் தூக்கத்தை விரட்ட பீடி பற்றவைக்கிறார்கள். மூச்சுக்குழலில் விழும் தூசியைச் சளியோடு மேலே தள்ளிவிட நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. புகையிலைப் புகை அவற்றை முடக்கிவிடுவதால் வேலையிடத்துத் தூசி உள்ளேயே தங்குகிறது. ஒன்றின் கேட்டை மற்றொன்று பெருக்குகிறது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர்களின் நுரையீரல் புற்றுநோயில் இந்தக் கூட்டுக் கேடு அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்துவிட்டது. எனவே பீடி குடித்தார் என்பதைக் காட்டி முதலாளி கை கழுவ முடியாது. பீடியை விட வேண்டியதும் உண்மைதான். விட்ட பிறகு நுரையீரல் தேயும் வேகம் குறைகிறது.

மண்டபம் பகுதி நண்டு கம்பெனிகளில் சதை எடுக்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள். பீடியைத் தொட்டே அறியாதவர்கள். நண்டு, இறால் வேகும் ஆவியில் கலந்து வரும் புரதம் சிலருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்தது. படகுகளுக்குப் பனிக்கட்டி தரும் ஐஸ் பேக்டரிகளில் அம்மோனியா கசிந்தால் மூச்சுக்குழல் வெந்து புண்ணாகும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் ஏறத்தாழ 14 சதவீதத்துக்கு வேலையிடமே காரணம் என்றும், புகைக்காதவர்களிடையே அது சுமார் 31 சதவீதம் என்றும் அமெரிக்க, ஐரோப்பிய மார்புநோய் மருத்துவச் சங்கங்கள் 2019-இல் கூட்டாக அறிவித்தன.

இந்த அடைப்பு நோய் தொடங்கும்போது எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. மூச்சை முழுக்க இழுத்து ஒரே மூச்சில் வேகமாக ஊதச் சொல்லும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் தெரிந்துவிடும். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், ஊதிய காற்றில் 70 சதவீதம் முதல் நொடியில் வெளியேறாவிட்டால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். சில நிமிட வேலை. 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் 2024-இல் தொடங்கியது. வேலையிடத்துக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்தக் குழுவின் கையில் ஸ்பைரோமீட்டரையும் கொடுத்து அனுப்புங்கள். கரிமூட்டத்துக்கும் அனுப்புங்கள். நாலைந்து பேர் வேலை செய்யும் மூட்டம் சட்டத்தின் கணக்கில் தொழிற்சாலை ஆகாது என்பதால் எந்த ஆய்வாளரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ஆட்சியர் மனம் வைத்தால்தான் அது நடக்கும்.

புறநோயாளிச் சீட்டில் தொழிலை எழுத ஒரு வரி ஒதுக்குங்கள். வெறுமனே கூலி என்று எழுதாமல், கரி சலிப்பு, நண்டு உடைப்பு என்று எழுதட்டும். வேலையிடத்தில் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் தடை இருக்கிறது. அந்த அறிவிப்புப் பலகையை மாட்டும் கையோடு, புகையை உறிஞ்சி வெளியேற்றும் விசிறிக்கும் தரமான முகக்கவசத்துக்கும் முதலாளிகளைப் பொறுப்பாக்குங்கள். பீடியை விட முயல்கிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆலோசனையும் நிக்கோட்டின் மெல்லுமிட்டாயும் கிடைக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மூட்டங்கள் மறுபடியும் புகையத் தொடங்கும். முதல் பரிசோதனை முகாமை அதற்கு முன்பே சாயல்குடியில் நடத்துங்கள்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரைவாசி ஒருவர்