உன் கிட்டாரை அறுத்துவிட்டேன்

அன்புள்ள நண்பா,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. வீட்டில் எல்லோரும் நலம் என்று நெட்டை சொன்னான். இங்கேயும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, பையன் என் உயரத்தைத் தாண்டிவிட்டான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்தால் இந்தக் கடிதத்தையும் பாதியில் மடித்து வைத்துவிடுவேன்.

உன் கிட்டாரின் மேல்பலகையில் கிட்டத்தட்ட 10 அங்குல அகலத்துக்கு வட்டமாக ஓர் ஓட்டை போட்டுவிட்டேன்.

அதே கிட்டார்தான். "தூக்கிப் போட்டுவிடு, இனிமேல் என்னிடம் கிட்டார் பேச்சே எடுக்காதே" என்று சொல்லி என் வீட்டில் வைத்துவிட்டுப் போனாயே, அது. இந்த வரியைப் படித்ததும் எழுந்து அறையை இரண்டு சுற்று சுற்றுவாய் என்று தெரியும். சுற்றிவிட்டு வா, மீதியையும் படி.

தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. பேச்சு எடுக்காதே என்றதை மட்டும் கேட்டேன். அதைக் கேட்கப்போய் மற்ற எல்லாப் பேச்சும் நின்றுபோனது. அது என் தப்புதான், மன்னித்துக்கொள்.

மழைக்காலத்தில் ஒருநாள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பலகைமேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பசை விட்டு எழும்பி நின்றது. அதன் பின்னால் பலகை வயிறு மாதிரி உப்பியிருந்தது. உள்ளே இரண்டு முட்டுக்கட்டைகள் கழன்று ஆடின. கம்பி கட்டிய கிட்டாரில் 70, 80 கிலோ இழுப்பு இரவும் பகலும் இருக்கிறது. தளர்த்தாமல் பெட்டிக்குள் போட்டால் பலகை என்ன செய்யும், பாவம். பின்பலகையும் பக்கங்களும் கழுத்தும் மட்டும் கல் மாதிரி இருந்தன. மேல்பலகையை மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றினாலும் உனக்கு அதில் என்ன பயன் என்ற கேள்வி வந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்த நேரத்தில்தான் ஒரு பழைய இரும்புச் சாமான் குவியலில் அதைப் பார்த்தேன். தகர உடம்பு கிட்டார். ரெசனேட்டர், உள்ளே உலோகக் கூம்பு வைத்துச் சத்தம் எழுப்புவது. உடம்பு துருப்பிடித்து விரல் வைத்தால் பொடியாக உதிர்ந்தது, மேல்மூடி அரைவாசி இல்லை. ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால், மங்கலான வெள்ளை நிறத்தில் அலுமினியக் கூம்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் கட்டைவிரல் அழுத்தியது போல ஒரு நசுங்கல். அந்தக் குவியலின் முன்னால் நின்றபோதே இரண்டையும் சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

"அது கிட்டார் இல்லை, தகர டப்பா" என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! வாத்தியார் வீட்டு மாடியில் நடந்த அந்தச் சண்டை இன்னும் காதில் இருக்கிறது. அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். 1920களில் மின்சாரக் கிட்டார் புழக்கத்தில் இல்லை. நடன இசைக்குழுவில் டிரம்பெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் நடுவே கிட்டார்க்காரர் வாசிப்பது பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது. ஜார்ஜ் பீச்சம் என்ற கலைஞர் சத்தம் வேண்டும் என்று ஜான் டோப்யேராவைத் தேடிப் போனார். டோப்யேரா ஸ்லோவாக்கியாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர், வாத்தியம் செய்கிறவர். மெல்லிய அலுமினியத்தில் மூன்று கூம்புகள் செய்து கிட்டாருக்குள் வைத்தார். 1927இல் நேஷனல் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. கம்பியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாகக் கூம்புக்குப் போகிறது, கூம்பு ஒலிபெருக்கி மாதிரி காற்றைத் தள்ளுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். பிறகு ஒற்றைக் கூம்பு வந்தது, கூட்டாளிகளுக்குள் தகராறு வந்தது, டோப்யேரா வெளியேறிச் சகோதரர்களோடு டோப்ரோ என்ற பெயரில் வேறு வடிவம் தொடங்கினார். டோப்யேரா பிரதர்ஸ் என்பதன் சுருக்கம் அது. ஸ்லோவாக் மொழியில் 'நல்லது' என்றும் பொருளாம். சத்தம் வேண்டும் என்று வந்த அதே பீச்சம்தான் சில ஆண்டுகளில் மின்சாரக் கிட்டார் பக்கம் போனார். சத்தத்துக்கு ரெசனேட்டர் தேவை என்ற நிலை அதோடு முடிந்தது. ஆனால் அந்தக் குரலை வேறு எதிலும் கேட்க முடியவில்லை. தகரமும் நாதமும் கலந்த, கொஞ்சம் அழுகிற குரல். அதனால்தான் இன்னும் செய்கிறார்கள்.

நம் வேலைக்கு வருகிறேன். ரெசனேட்டரில் மேல்பலகை பாடுவதில்லை, கூம்புதான் பாடுகிறது. அதனால் உப்பிய பலகை ஒரு குறையே இல்லை என்று நினைத்தேன். நினைத்தது பாதிதான் சரி. கூம்பின் அகலம் 9½ அங்குலம். அதன் நடுப்புள்ளி பழைய பிரிட்ஜின் கட்டை இருந்த இடத்தில்தான் வர வேண்டும், இல்லையென்றால் சுருதி போய்விடும். காம்பஸ் வைத்துக் கோடு போட்டால் வட்டத்தின் ஓரம் பழைய ஒலித்துளையின் ஓரத்தில் முட்டுகிறது! இரண்டு நாள் ரம்பத்தைத் தொடவில்லை. கடைசியில் ஒலித்துளைக்கு உள்பக்கமாகப் பலகை ஒட்டி அடைத்தேன். காற்று வெளியே வர மேலே தோள்பட்டைகளில் இரண்டு சின்னத் துளைகள் போட்டு, தேநீர் வடிகட்டியின் வலையைப் பதித்தேன்.

அறுத்த அன்று வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொண்டேன். ரம்பம் முழு வட்டம் வந்து பலகை என் கையில் விழுந்தபோது திருப்பிப் பார்த்தேன். மேல்புறம் உன் நகம் கீறிக் கீறிப் பாலிஷ் போன அந்த இடம், இரண்டு அங்குலத்துக்கு வெளிறிப் போய். அந்த வட்டத்தை உப்புத்தாள் கூடப் படாமல் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அது உன்னுடையது, உனக்கே தருவேன்.

அப்புறம் உள்ளே மூன்று ஒட்டுப்பலகை வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கூம்பு உட்காரத் திட்டு செய்தேன். பலகையை அறுத்துவிட்டதால் கம்பியின் இழுப்பைத் தாங்க ஆள் வேண்டும். கழுத்தின் அடியிலிருந்து வால்கட்டை வரை ஒரு சட்டத்தை உடம்புக்குள் ஓடவிட்டேன். வால்பக்கம் கம்பிகளைப் பிடிக்க ஒரு கதவுக் கீல், அதில் ஆறு துளை. மேல்மூடிக்கு ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஸ்டீல் வடிதட்டு ஒன்றைத் தட்டையாக்கி வெட்டினேன். மணிக்கட்டு கூம்பை அழுத்தாமல் இருக்க அதன் மேல் ஒரு மேசை டிராயரின் கைப்பிடி. கூம்பின் உச்சியில் உட்காரும் வட்டக் கட்டையை பிஸ்கட் என்பார்கள். அதை ஓர் உடைந்த எலெக்ட்ரிக் கிட்டாரின் மேப்பிள் கழுத்திலிருந்து சீவி எடுத்தேன்.

கூம்பின் நசுங்கலை எடுக்கத்தான் மிகவும் பயந்தேன். மரக்கரண்டியின் வழவழப்பான முதுகால் உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். பெரும்பாலும் எழுந்துவிட்டது, ஒரு நிழல் மட்டும் இருக்கிறது. இது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று அதற்கு முன்னால் ஒரு பாத்திர மூடியை வைத்துப் பார்த்தேன். டங் என்று ஒரு சத்தம், அதோடு சரி. தகடு தடித்தால் கம்பியால் அதை அசைக்க முடிவதில்லை.

கம்பி கட்டினேன். தட்டினேன். நாதத்தோடு சேர்ந்து ஒரு கரகரப்பு, குளவி மாதிரி. திருகு எல்லாவற்றையும் இறுக்கினேன், போகவில்லை. வடிதட்டின் ஓரத்தில் துணி வைத்தேன், போகவில்லை. முட்டுக்கட்டைகளை மறுபடி ஒட்டினேன். நான்கு நாள் இப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் இரவு எல்லாவற்றையும் கழற்றி, ஒரு சின்ன டார்ச்சை எரியவிட்டு உடம்புக்குள் வைத்து, அதன் மேல் கூம்பை உட்காரவைத்து, அறை விளக்கை அணைத்தேன். கூம்பின் விளிம்பைச் சுற்றி இருட்டு. ஓரிடத்தில் மட்டும் மூன்று விரல் நீளத்துக்கு, நகக்கணு அளவு மெல்லிய பிறை போல வெளிச்சம் கசிந்தது. அந்த இடத்தில் திட்டு பள்ளமாக இருக்கிறது, கூம்பு தொடவில்லை! கூம்பைப் பசை போட்டு ஒட்டுவதில்லை, கம்பியின் அழுத்தம் ஒன்றுதான் அதைப் பிடித்து வைக்கிறது. தொடாத இடம் அடித்துக்கொண்டே இருக்கும். மறுநாள் கண்ணாடித் துண்டில் உப்புத்தாள் ஒட்டித் திட்டு முழுவதையும் ஒரே மட்டமாகத் தேய்த்தேன். இரவு மறுபடி டார்ச் வைத்தேன். முழு இருட்டு.

அன்று வந்த சத்தத்தை எப்படி எழுதுவது? ஆறாவது கம்பியை ஒரே ஒரு தடவை கட்டைவிரலால் தட்டினேன். வீட்டில் கடைசி அறையிலிருந்து பையன் எழுந்து வந்துவிட்டான்.

இனி, நான் சொல்லத் தயங்குவது. இதை எனக்காகச் செய்யவில்லை. உனக்குத் தெரியாமல் உனக்காகத்தான் செய்தேன்.

அந்த விபத்துக்கு அப்புறம் உன் இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் மடங்குவதில்லை, பல கம்பிகளை ஒன்றாக அழுத்திக் கார்டு பிடிக்க முடியாது, அதனால் கிட்டார் முடிந்தது என்றாய். அன்று உன் முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. ஆனால் கிட்டாரை மடியில் படுக்கவைத்து, கம்பிமேல் எஃகுக் கட்டையை நகர்த்தி வாசிக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஹவாயில் ஜோசப் கெகுகு என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரபலமாக்கினார் என்கிறார்கள். நம் கோட்டுவாத்தியமும் அதே குடும்பம்தானே. பீச்சமே அப்படி வாசித்தவர்தான். கட்டையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிடிக்கும். மற்ற இரண்டு விரல்களும் மடங்காமல், நீட்டினபடி, கட்டைக்குப் பின்னால் கம்பிகள்மேல் படுத்திருக்க வேண்டும். பின்னால் எழும் தேவையில்லாத சத்தத்தை அமுக்குவது அவற்றின் வேலை. புதிதாகக் கற்கிறவர்களுக்கு அந்த விரல்கள் சுருண்டுகொண்டே போகும், எனக்கும் அப்படித்தான் போகிறது. உனக்குப் போகாது.

நண்பா, இதை உன் கையைப் பார்த்து இரக்கப்பட்டு எழுதவில்லை. நான் மூன்று வாரமாகப் பழகியும் வராத ஒன்று உன் கையில் இருக்கிறது என்பதை அப்படியே சொல்கிறேன்.

அதனால் கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் நட்டின் மேல் உயரமான எலும்புத் துண்டு ஒன்றைப் பொருத்தி, கம்பிகளைக் கழுத்திலிருந்து மேலே தூக்கிவிட்டேன். உன் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகள் தேய்ந்திருந்ததும் நல்லதாகப் போயிற்று. இனி அவை அழுத்துவதற்கு இல்லை, இடம் காட்டும் கோடுகள் மட்டும்தான். சுருதி தாழ்ந்த கம்பியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி. வழக்கமான சுருதியிலிருந்து மூன்று கம்பி இறங்குகிறது, மூன்று அப்படியே இருக்கிறது, எதுவும் ஏறுவதில்லை. டோப்ரோக்காரர்கள் ஆறாவதையும் ஐந்தாவதையும் மேலே ஏற்றுவார்கள். அந்த இழுப்பை இந்த வயதான கழுத்துக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை, நீயும் கொடுக்காதே. கட்டையை வைக்காமல் எல்லாக் கம்பியையும் தட்டினாலே முழுக் கார்டு. ஐந்தாம் ஃப்ரெட் கோட்டில் வைத்தால் சி, ஏழாவதில் டி. உன் காதுக்கு ஒரு வாரம் போதும்.

உன்னைக் கேட்காமல் செய்திருக்கக் கூடாதோ என்று ஒவ்வொரு நாளும் தோன்றியது. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், எனக்குத் தெரியும். வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒரே கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு "எடுத்துக்கொண்டு போய் அவனிடம் கொடு" என்றார்.

வருகிற சனிக்கிழமை நானே எடுத்து வருகிறேன். பார்சல் கட்டி அனுப்ப மனமில்லை. கம்பியை முழுக்கத் தளர்த்தினால் கூம்பு உள்ளே நகர்ந்துவிடும், தளர்த்தாமல் அனுப்பினால் வழியில் எங்கே அடிபடுமோ. பார்க்கவே வேண்டாம் என்றால் வெள்ளிக்குள் ஒரு வார்த்தை சொல், வந்து பேசிக்கொண்டு மட்டும் இருந்துவிட்டுப் போகிறேன். திட்ட வேண்டும் என்றாலும் நேரில் திட்டு.

எஃகுக் கட்டை பெட்டியின் சின்ன அறையில் துணியில் சுற்றி இருக்கிறது. ஐந்து கம்பிக்குச் சுருதி சேர்த்துவிட்டேன். மூன்றாவது கம்பியைத் தொடவில்லை. அது எப்போதும் உன் வேலை.

உன்,
கடைசி பெஞ்சு

பி.கு.: அந்த மஞ்சள் நோட்டு நெட்டையிடம்தான் இருக்கிறது. ஒப்புக்கொண்டான்.